கல்லறை இல்லாத விமானி

கண்டியிலிருந்து பேராதனை செல்லும் பெருந்தெருவுக்குச் சற்று ஒதுங்கி அமைந்துள்ளது யுத்தகால மயானம். இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த 203 பேர் அங்கே துயில்கின்றனர். மலேரியாவால் மாண்டோரும் அவருள் உளர். யானையாற் கொல்லப்பட்ட ஒருவரும் உளர். அறுவர் கனேடியர்.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். “தோமஸ் என்பவருடைய கல் எது, சேர்?” என்று வினவினான் ஒருவன். வகுப்பிலே நான் கூறிய கதை அவன் நெஞ்சில் தங்கியிருந்தது போலும். கையில் மல்லிகைப் பூக்களும் கொண்டுவந்திருந்தான். அந்தக் கல் அங்கே இல்லை.

அக்கதையை வாசகர்க்கும் சொல்லிவிடுகிறேன். பேராதனைப் பூந்தோட்டத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தலைமையகத்தை அமைத்தது 1944இல். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், சிங்கப்பூர் வீழ்ந்த சில வாரங்களில், தென்கரையிலுள்ள கொக்கலைக்கு வந்து சேர்ந்தது கனடாவின் 413ஆம் விமான அணி. அதன் கற்றலீனா விமானங்கள் நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்குவன. நெடுநேரம் பறக்க வல்லன. ஆயினும் வேகம் குறைந்தன. பகைவரின் போர் விமானம் துரத்தினால் தப்புவது அரிது.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, லெனர்ட் பர்ச்சோல் என்னும் 26 வயது விமானி காவற்பணி முடித்துத் திரும்பும் வேளையில், தெற்கு அடிவானத்திற் சில புள்ளிகளைக் கண்டார். அணுகிப் பார்த்தால், யப்பானியப் பெருங்கடற்படை! செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுடப்பட்டது. குழுவினர் ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். பர்ச்சோல் தவிர அக்குழுவில் இருந்த கனேடியர் ஒருவரே என்பதையும் குறிப்பிடவேண்டும். மறுநாள் கொழும்பு தாக்குண்டது. “இலங்கையின் மீட்பர்” என்று போற்றப்பெற்ற பர்ச்சோல், சிறைமீண்டு நெடுங்காலம் வாழ்ந்து 2004இல் காலமானார்.

ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அதே அணியின் ரே தோமஸ் திருகோணமலைக்குக் கிழக்கே அதே கடற்படையைக் கண்டார். அவர் அனுப்பிய செய்தி இடையிலே அறுந்தது. விமானமும் குழுவினர் அனைவரும் கடலோடு மறைந்தனர். அன்றுதான் திருகோணமலை தாக்கப்பட்டதும், மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறு பேருக்கு மேற்பட்டோருடன் மூழ்கியதும்.

புகழ் எப்படிப் பங்கிடப்படுகிறது பாருங்கள்! பர்ச்சோல் எதிர்பாராமற் கண்டார். ஐந்து நாட்களுக்கு முன் அவர் திரும்பவில்லை என்பதை அறிந்தே தோமஸ் புறப்பட்டார். எனினும் அவர் பெயரைச் சொன்னால் எம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

உடல் கிடையாதவர்க்குத் தருப்பையால் உருச்செய்து தகனஞ் செய்வது நம் வழக்கம். அவர்களோ பெயரைக் கல்லிற் பொறிக்கின்றனர். இப்பகுதிக் கடல்களில் மறைந்த விமானப்படையினருக்கான நினைவுச் சுவர்கள் சிங்கப்பூரில் உள்ளன. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள்!

இவற்றையெல்லாம் கேட்டு முடித்த மாணவன், “அப்படியானால் இந்தப் பூக்களை எங்கே வைப்பது?” என்றான். எனக்கு விடை தெரியவில்லை. சற்று நின்று யோசித்தவன், கனேடியர் அறுவரின் கற்களையும் தேடிப் பகிர்ந்து வைத்தான். இரண்டு பூக்கள் எஞ்சின. அவற்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான்.