சூளை காணாத செதுக்கல்

விருத்தாசலத்தில் ஒரு பொருளின் வடிவத்தை உறுதி செய்வது சூளைதான். அகல் விளக்கோ, சாமி பொம்மையோ, ஃபியூஸ் கட்டையோ, எதுவானாலும் வெள்ளைக் களிமண்ணை அரைத்து, அச்சில் வார்த்து, காயவைத்து, கடைசியில் நெருப்புக்குள் அனுப்ப வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வெளியே வந்த பீங்கான் அதன் பிறகு மாறாது. இந்த ஊரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிடும் ஆசையோடு புதுச்சேரிக்கோ சென்னைக்கோ லேசர் சிகிச்சைக்குப் போகிறவர்கள், கண்ணிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைப்பது இயல்பு. லேசர் சூட்டால் சுட்டுச் சரிசெய்யும், மேசையை விட்டு எழுந்தால் வேலை முடிந்தது என்று. உண்மையில் அந்த லேசர் கண்ணைச் சுடுவதில்லை. வேலையும் அந்த மேசையில் முடிவதில்லை. பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது, அதைச் செய்வது கண்ணே.

நம் பக்கத்தில் ‘லேசர் ஆபரேஷன்’ என்ற ஒரே பெயரில் பல சிகிச்சைகள் புழங்குகின்றன. சர்க்கரை நோயில் விழித்திரைக்கு வைக்கும் லேசர் வேறு. கண்புரை அறுவைக்குப் பின் லென்ஸுக்குப் பின்னால் படியும் மங்கலை நீக்கும் லேசர் வேறு. நான் இங்கே சொல்வது கண்ணாடிப் பவரைப் போக்குவதற்காகக் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சையைப் பற்றி. லாசிக், பிஆர்கே, ஸ்மைல் என்று மூன்று வகை இன்று பரவலாகச் செய்யப்படுகின்றன. முதல் இரண்டில் செதுக்குவது எக்சைமர் லேசர். சூடில்லாமல் அது வெட்டும் என்பதைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பிறந்தவர்.

ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1929-இல் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் புற ஊதா ஒளி பிளாஸ்டிக் போன்ற பொருள்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து வந்தார். 1981 நவம்பர் 27, நன்றி நவிலும் நாள் விருந்துக்கு மறுநாள். வீட்டில் மீந்திருந்த வான்கோழியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், அதன் குருத்தெலும்பின்மேல் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆர்கான் ஃபுளோரைடு எக்சைமர் லேசரைப் பாய்ச்சினார். சீவியதுபோல் சுத்தமான பள்ளம் விழுந்தது, ஓரங்களில் கருகலே இல்லை. பச்சை ஒளி லேசரால் வெட்டிப் பார்த்தபோது ஓரம் கருகிப் புண்ணானது. சக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதன் பொருளைத் தேடினார்.

193 நானோமீட்டர் ஒளியின் ஒவ்வொரு துகளிலும் புரதத்தின் வேதிப் பிணைப்பை நேரடியாக முறிக்கப் போதுமான ஆற்றல் இருக்கிறது. பிணைப்பு முறிந்த மூலக்கூறுகள் சிதறிப் பறந்துவிடுகின்றன. பறக்கும்போது ஆற்றலையும் எடுத்துச் சென்றுவிடுகின்றன. துடிப்பு ஒன்று ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஓரிரு பங்கு நேரமே நீடிப்பதால், பக்கத்துத் திசு சூடாகும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த ஒளி மேற்பரப்பில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் கண்ணின் உள்ளே லென்ஸுக்கோ விழித்திரைக்கோ போய்ச் சேராது. 1983-இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து கருவிழியில் இதைச் சோதித்தார். 1988-இல் மார்கரெட் மெக்டொனால்டு பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்தார். 1990-இல் கிரேக்க மருத்துவர் யோவானிஸ் பல்லிகாரிஸ் மடல் தூக்கிச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதுவே லாசிக். 2013-இல் ஸ்ரீனிவாசன், வின், புளும் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அதிபர் ஒபாமா கையால் கிடைத்தது. கோடிக்கணக்கான கண்களைத் தொட்ட ஒரு கண்டுபிடிப்பில் நம்மூர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. இந்தப் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

செதுக்கும் அளவைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். கருவிழியின் நடுப்பகுதியின் தடிமன் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். லேசரின் ஒரு துடிப்பு ஏறக்குறைய கால் மைக்ரானை அகற்றும். மைனஸ் 4 பவர் உள்ளவருக்கு, 6.5 மில்லிமீட்டர் வட்டத்தில், நடுவில் அகற்ற வேண்டிய ஆழம் 56 மைக்ரான் அளவுதான். தலைமுடி ஒன்றின் தடிமன் அது. அந்த அளவு திசுவைத்தான் நாம் இத்தனை காலம் மூக்கின்மேல் கண்ணாடியாகச் சுமந்திருக்கிறோம்.

லாசிக்கில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய மடல் ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி தூக்குகிறார்கள். அடியில் லேசர் செதுக்கிய பிறகு மடலை மறுபடி படுக்க வைக்கிறார்கள். தையல் கிடையாது, பசை கிடையாது. பிறகு எது பிடித்து நிறுத்துகிறது? கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் ஓயாமல் நீரை உள்நோக்கி இறைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்பே மடலைக் கீழே அழுத்திவைக்கிறது. சில மணி நேரத்தில் மேற்புறச் செல்கள் ஓரத்து இடைவெளியின்மேல் ஊர்ந்து வந்து மூடத் தொடங்குகின்றன.

அந்த முதல் மாலை எரிச்சலும் நீர்வடிதலும் வெளிச்சக் கூச்சமும் இருக்கும். பெரும்பாலோருக்கு நான்கைந்து மணி நேரம். மருத்துவர் தரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தூங்குவதே நல்ல மருந்து. மறுநாள் காலை சுவர்க் கடிகாரம் கண்ணாடி இல்லாமல் தெரியும்போது வரும் சந்தோஷம் பெரியது. ஆனால் அந்தச் சந்தோஷத்தில்தான் கவனமும் குறைகிறது. மடல் ஓரத்தில் மட்டும்தான் உறுதியான தழும்பு உருவாகிறது. நடுவில் ஒட்டுதல் எப்போதுமே பலவீனம். பல ஆண்டுகள் கழித்தும் கண்ணில் அடிபட்டு மடல் விலகிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கண்ணைக் கசக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இது. இரவில் பிளாஸ்டிக் கவசம் ஒட்டிக்கொண்டு படுக்கச் சொல்வதும் தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போய்விடும் என்பதால்தான்.

பிஆர்கேயில் மடல் கிடையாது. 50 மைக்ரான் அளவுள்ள மேற்புறச் செல்லடுக்கை முழுதாக அகற்றிவிட்டு நேரே செதுக்குகிறார்கள். நம் உடலில் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் முதன்மையானது கருவிழி. அந்த நுனிகள் திறந்து கிடப்பதால் முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாகவே இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள் பயந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நாள்களில் உள்ளே நடப்பது அற்புதமானது. வெட்டின் விளிம்பில் உள்ள செல்கள் தட்டையாகி, ஒன்றையொன்று விடாமல், நாலா பக்கமிருந்தும் நடுவை நோக்கி நகர்கின்றன. மூன்று முதல் ஐந்து நாளில் நடுவில் சந்திக்கின்றன. அதுவரை அவற்றுக்குக் காவல், மேலே வைக்கும் பாண்டேஜ் லென்ஸ். சந்திக்கும் இடம் சரியாகப் பார்வையின் நேர்க்கோட்டில் இருப்பதால் நான்காம் நாள் வாக்கில் பார்வை இன்னும் மங்கலாகலாம். அது பின்னடைவு அல்ல. அந்த மேடு சமமாகிப் பார்வை தெளிய வாரங்கள் ஆகும்.

ஸ்மைல் முறையில் ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு சிறு வில்லையை வரைந்து தர, சில மில்லிமீட்டர் கீறல் வழியே அதை உருவி எடுக்கிறார்கள். மடல் விலகும் கவலை இல்லை. கீழே சொல்லப்போகும் வறட்சியும் பொதுவாகக் குறைவு.

எல்லோரும் கேட்கும் புகார் அந்த வறட்சிதான். கண்ணீர் சுரக்க வேண்டும் என்ற செய்தியைக் கொண்டுபோவது கருவிழி நரம்புகள். மடல் வெட்டும்போது அவற்றில் பல அறுபடுகின்றன. கண் உலர்ந்தாலும் செய்தி போவதில்லை; இமைப்பதும் குறைந்துவிடுகிறது. நரம்புகள் மறுபடி வளர்கின்றன, ஆனால் மெதுவாக, மாதக் கணக்கில். 2017-இல் வெளியான அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ‘ப்ரவுல்’ ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், இரட்டைத் தோற்றம் போன்று ஏதாவது ஒன்றைக் கண்டார்கள். அதே ஆய்வில் மிகப் பெரும்பாலோர் தங்கள் பார்வையில் திருப்தி தெரிவித்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒளிவட்டத்துக்குக் காரணம், இரவில் கண்மணி விரிந்து, செதுக்கிய வட்டத்தின் ஓரத்தையும் தாண்டி ஒளியை உள்ளே விடுவது. முதல் சில வாரங்கள் உளுந்தூர்பேட்டை சாலையில் இரவு பைக் ஓட்டுவதைத் தள்ளிப்போடுவது நல்லது.

இனி ஊர் நிலவரம். புதுச்சேரியில் சிகிச்சை முடித்து கடலூர், வடலூர், நெய்வேலி வழியாக அன்றே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்புவது சரியல்ல. எப்படியும் மறுநாள் காலை மருத்துவர் மடலைப் பார்த்தாக வேண்டும், ஒரு இரவு தங்கிவிடலாம். மூன்று நாளில் வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அது குளிர்சாதன அறையில் கணினி முன் உட்காருபவருக்கான கணக்கு. மண் அரைக்கும் இடத்திலும், காய்ந்த பொருளைத் தேய்த்து மெருகேற்றும் இடத்திலும் நுண்ணிய சிலிக்கா தூசு பறக்கிறது. சூளை வாயில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கும். தான் என்ன வேலை செய்கிறோம் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, எத்தனை நாள் விடுப்பு என்று கேட்க வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. கண்ணாடி போட்டிருந்த காலத்தில் பவரைத் திருத்திய அதே கண்ணாடி தூசியையும் தடுத்துக்கொண்டிருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. பீங்கான் தொழிலில் இருப்பவருக்குப் பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், அதுவும் ஆயுளுக்கும். சூளையின் செவ்வனலை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்ப்பவர்களுக்குக் கண்புரை வருவது கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடம் வெகு காலம் முன்பே கண்டறியப்பட்டது. லாசிக் அதிலிருந்து காப்பாற்றாது.

வீட்டிலும் சில நாள் கட்டுப்பாடு வேண்டும். தலைக்குக் குளிப்பது, ஆற்றிலும் குளத்திலும் இறங்குவது, கண் மை, விறகடுப்புப் புகை எல்லாம் தள்ளிவைக்க வேண்டியவை. நெற்றியில் அள்ளிப் பூசும் விபூதி உதிர்ந்து கண்ணில் விழும். மாசி மகக் கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டாலே போதும்.

சொட்டு மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருவிழி தெளிவாக இருப்பது அதன் கொலாஜன் இழைகள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால். காயம்பட்டதும் அங்குள்ள செல்கள் விழித்துக்கொண்டு அவசர அவசரமாகப் புது இழைகளைப் போட்டால் ஒழுங்கு கெட்டு மங்கல் படியும். ஸ்டீராய்டு சொட்டு அந்தச் செல்களை அமைதிப்படுத்துகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அவற்றைத் தூண்டுவதால்தான், குறிப்பாக பிஆர்கேக்குப் பிறகு, குளிர்கண்ணாடி போடச் சொல்கிறார்கள். கண் நன்றாகிவிட்டது என்று ஸ்டீராய்டை நடுவில் நிறுத்துவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதையே மாதக் கணக்கில் வாங்கி விட்டுக்கொள்வது. சிலருக்கு அது கண்ணின் உள் அழுத்தத்தை ஏற்றி, வலியே இல்லாமல் பார்வை நரம்பை அழிக்கும். போன பார்வை திரும்பாது. மாறாக, வலி குறையாமல் கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தொற்று அரிது, வந்தால் மணிக்கணக்கில் வேலை செய்யும்.

பவர் பொதுவாக மூன்று மாத வாக்கில் நிலைகொள்கிறது. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தே தீரும். அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கியதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகள் அடங்கிய ஃபைலை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கருவிழி மெலிந்துவிட்டதால் பிற்காலத்தில் கண் அழுத்தம் அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளப்பவருக்கு லாசிக் செய்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள், கருவிழியின் முன்வளைவுக்கும் பின்வளைவுக்கும் உள்ள இயற்கையான விகிதத்தை நம்பியிருக்கின்றன. லேசர் மாற்றியது முன்வளைவை மட்டும். பழைய சூத்திரத்தையே போட்டால், கிட்டப்பார்வைக்காகச் செதுக்கிய கண்ணில் பவர் குறைந்த லென்ஸ் போய்ச் சேரும், பார்வை எட்டப்பார்வைப் பக்கம் சாய்ந்துவிடும். அதைத் திருத்தத் தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு அந்த ஃபைலில் உள்ள எண்கள்தான் வேண்டும்.