டிராக்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்குவதில் நமது குடியானவர்கள் எளிதில் ஏமாறுவதில்லை. சந்தைக்குச் சென்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழியை ஆராய்வர், நடக்கவிட்டுப் பார்ப்பர். தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினும், எத்தனை ரூபாய் என்பது வாங்குபவருக்குத் தெரியாமற் போவதில்லை. ஆயினும் அவரே டிராக்டர் வாங்கச் செல்லுங்கால், மொத்தம் எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பதை அறியாமலே கையெழுத்திட்டுத் திரும்புவதுண்டு. டிராக்டர் கடனுக்கு நிலத்தையும் ஈடாகக் கேட்கும் வங்கிகள் உளவாதலின், இங்கு நேரும் பிழை வண்டியோடு நில்லாது. நிலம் வரை செல்லும்.

விலை பேசுமுன்

முதலாவது, தமக்கு வேண்டிய சக்தியை நிர்ணயித்துக்கொள்ளல் வேண்டும். விற்பனையாளர் கூறுவது பெரும்பாலும் எஞ்சினின் குதிரைத்திறன். ரோட்டவேட்டர் முதலிய கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதனினும் குறைவு. மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிலையத்தின் அறிக்கையில் இவ்விவரமும் எரிபொருட் செலவும் காணப்படும். அதனைக் கேட்டுப் பார்க்கலாம். நஞ்சை உடையோர் தம் வயலிலேயே சேற்றுழவு செய்து காட்டும்படி கேட்பது நலம்.

விலையைக் குறைந்தது இரண்டு கடைகளிலேனும் எழுத்தில் பெறுக. வண்டி விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஆகியவை தனித்தனியே காட்டப்பட வேண்டும். விவசாய டிராக்டர்களின் ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரி நீங்கலாக 6,00,000 ரூபாய் விலையுள்ள வண்டியில் இதனால் 42,000 ரூபாய் மிச்சம். பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் இதனைச் சுட்டிக் கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸைக் கடைக்காரர் மூலமாகவே எடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

பழைய வண்டியை மாற்றிக்கொள்வதாயின், அதன் பேச்சைப் புது வண்டியின் விலை முடிந்த பின்னரே தொடங்குக. இரண்டும் கலந்தால், பழையதற்கு ஏற்றிக் கொடுத்ததைப் புதியதில் ஏற்றி வாங்கிவிடுவர். இலவசமாகத் தருவதாகச் சொல்லும் பொருள் தமக்கு வேண்டாதது எனில், அதற்கீடாக விலையைக் குறைக்கும்படி கேட்கலாம்.

தவணையில் மறையும் விலை

"ஐயா, தவணைக்கு எவ்வளவு கட்ட இயலும்?" என்பதே விற்பனையாளர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் கேள்வி. இதற்கு விடை கூறினால் பேரம் அத்துடன் முடிந்தது. நாம் கூறும் தொகைக்குத் தக்கபடி ஆண்டுகளை நீட்டிவிடுவர். விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இராது.

வட்டிக் கணக்கையும் ஓர் உதாரணத்தால் அறியலாம். கடன் 5,00,000 ரூபாய். வட்டி 8 சதவீதம். ஆறு மாதத்திற்கு ஒன்றாக 10 தவணை. ஃபிளாட் வட்டி என்னும் முறையில், அடைத்த முதலுக்கும் கடைசி வரை வட்டி கணக்கிடப்படும். அதன்படி வட்டி 2,00,000 ரூபாய். தவணை 70,000 ரூபாய். நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் தவணை சுமார் 61,650 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,16,500 ரூபாய். இரண்டும் 8 சதவீதமே. வித்தியாசமோ 83,000 ரூபாய்க்கு மேல். முன்னதை நிலுவை முறைக்கு மாற்றிப் பார்த்தால் 13 சதவீதத்தையும் தாண்டும். ஆதலின் "வட்டி எத்தனை?" என்று மட்டும் கேளாமல், "எந்த முறையில்? கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் பெறுதல் வேண்டும். தவணை நாள் அறுவடைக்குப் பின் வருமாறும் கேட்டு அமைத்துக்கொள்க.

கையெழுத்திடுமுன்

பூர்த்தி செய்யாத படிவத்தில் கையெழுத்திடலாகாது. மானியம் கிடைக்கும் என்ற வாய்மொழியை நம்பி முன்பணம் கொடுத்தலும் தகாது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்த பின்னரே வாங்குக. கடன் தீர்ந்ததும், வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பையும், நிலத்தின் மீதுள்ள ஈட்டையும் ரத்துச் செய்துகொள்ள மறவாதிருக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. கடனுக்காக அடங்கல் நகல் கேட்டுக் குடியானவர் தங்களிடம் வருங்கால், காரியம் பெரும்பாலும் கையெழுத்து வரை சென்றிராது. "மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கினீரா?" என்று தாங்கள் கேட்கும் ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தின் பல போக விளைச்சலைக் காப்பாற்றக்கூடும். மாட்டுச் சந்தையில் காட்டும் நிதானத்தை டிராக்டர் கடையிலும் காட்டுவோர்க்கு நஷ்டம் நேராது.