குழாய் உள்ளே போன பிறகுதான் வேலையே

கடுவன் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது. சொட்டு மூத்திரம் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுபவர்கள் பலர். தாமதம்தான் ஆபத்து. ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை நுனியை நெருங்க நெருங்கக் குறுகுவது. படிகத் துகளும் சளியும் திரண்டு அங்கே அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தளரும். முழு அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து.

அந்த அடைப்பைத் திறக்க மருத்துவர் பெரும்பாலும் எடுப்பது 3.5 பிரெஞ்சு அளவுள்ள கதீட்டர். 3 பிரெஞ்சு என்பது 1 மில்லிமீட்டர். அப்படியானால் இந்தக் குழாயின் வெளிவிட்டம் 1.2 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது.

பொட்டாசியம் இதயத்தைப் பாதித்திருந்தால் முதல் சிகிச்சை அதற்குத்தான். பிறகு மயக்க மருந்து. விழித்திருக்கும் பூனை வலியில் தசையை இறுக்கும். அப்போது குழாயைச் செலுத்தினால் பாதையின் உட்சுவர் கிழியும். குறியை வால் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தால் வளைந்த பாதை நேராகும். ஜெல் தடவிய குழாய் வழியாக சலைனைப் பீய்ச்சியே அடைப்பைக் கரைத்துத் தள்ள வேண்டும். பலம் காட்டக் கூடாது.

அடைப்பை நீக்கக் கொஞ்சம் விறைப்பான குழாய் உதவும். ஆனால் உள்ளேயே விட்டுவைக்க மென்மையான குழாய்தான் ஏற்றது. விறைப்பானது சிறுநீர்ப்பையின் சுவரைக் குத்திப் புண்ணாக்கிவிடும்.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு அதுவே ஏணி. எனவே குழாயையும் சிறுநீர் சேரும் பையையும் இணைக்கும் இடத்தைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது. பை எப்போதும் பூனையின் உடலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஆனால் தரையில் கிடக்கக் கூடாது. தொடுவதற்கு முன் கை கழுவிக் கையுறை போட வேண்டும். கழுத்தில் கூம்பு மாட்டாவிட்டால் பூனையே குழாயைக் கடித்து இழுத்துவிடும்.

குழாய் இருக்கிறதே என்பதற்காக முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் கொடுப்பது பழைய வழக்கம். சர்வதேசத் துணைவிலங்குத் தொற்றுநோய்ச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை ஏற்கவில்லை. தொற்றைத் தடுப்பதைவிட, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கவே அது உதவும்.

டிரிப்ஸ் ஏற்றக் காலின் ரத்தநாளத்தில் போடும் வென்ஃப்ளான் குழாய்க்கும் இதே கவனம் தேவை. உருவிய ஊசியை மீண்டும் குழாய்க்குள் செருகினால் அதன் நுனி அறுந்து ரத்தத்தோடு போய்விடலாம். கட்டைப் பிரிக்கும் கத்தரிக்கோலும் அப்படியே குழாயைத் துண்டித்த விபத்துகள் உண்டு. சுற்றியிருக்கும் இடம் வீங்கினாலோ சிவந்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும்.

அடைப்பு நீங்கியதும் சிறுநீர் வெள்ளமாகப் போகும். எவ்வளவு போகிறது என்று அளந்து, அதற்கேற்ப டிரிப்ஸைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் பூனை வறண்டுபோகும். சிறுநீர் தெளிந்து, ரத்த அளவுகள் சீரானதும் குழாயை எடுத்துவிடலாம். பூனை தானாகச் சிறுநீர் கழிப்பதைப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவது நல்லது. அடுத்த சில நாட்களில் மீண்டும் அடைத்துக்கொள்வது சகஜம் என்பதால், மணல் தட்டு நனைகிறதா என்று தினமும் பார்ப்பது வளர்ப்பவரின் பொறுப்பு.