ஓர் அங்குல உயரத்துச் சிப்பாய்கள்

சிட்னியின் மேற்கே, பரமற்றா நகரை ஒட்டிக் கிடக்கும் ஹரிஸ் பார்க் இன்று தோசைக்கும் இனிப்புப் பண்டங்களுக்கும் பெயர்பெற்ற இடமாகும். அதன் பிரதான கடைத்தெருவாகிய விக்ரம் வீதியின் பெயரைக் கேட்டுப் பூரிப்படையும் எம்மவர் சிலர் உளர். அது ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரேயன்றி, வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமனுக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஹரிஸ் என்பவரோ, நியூ சவுத் வேல்ஸ் படையணியில் மருத்துவராயிருந்த ஜோன் ஹரிஸ். 1793இல் ஜேம்ஸ் ரூஸிடமிருந்து அவர் வாங்கிய பண்ணைநிலமே பின்னர் இப்புறநகராயிற்று. அவர் காலத்து நினைவாக எக்ஸ்பெரிமென்ற் பண்ணை வீடு இன்றும் அங்கு நிற்கின்றது. சிறிது தொலைவில், அதே படையணியைச் சேர்ந்த ஜோன் மக்காதரின் எலிசபெத் பண்ணை வீடும் உண்டு. ஆக, நாம் மளிகைச் சாமான் வாங்கச் செல்லும் இவ்வீதிகள் ஒருகாலத்தில் படையினரின் வீதிகளாகவே இருந்தன.

படையினரைப் பற்றி இவ்வளவு கூறுவதற்குக் காரணம் உண்டு. இப்பகுதியிலும் அயலிலுள்ள வென்ற்வேத்வில், வெஸ்ற்மீட் ஆகிய இடங்களிலும் வாழும் எமது பிள்ளைகள் சிலர், ஓர் அங்குலத்தைச் சற்றே விஞ்சும் சிப்பாய்ப் பொம்மைகளை வெட்டி, ஒட்டி, வர்ணந்தீட்டி, மேசைமீது போர் நடத்தும் பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ளனர். அவற்றுள்ளும் அவர்களைப் பெரிதும் கவர்ந்திருப்பது ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு வீரனான ஹைலண்டர். ஆனால் வரலாற்றிலுள்ள ஹைலண்டர் அல்லன். கில்ற் எனும் பாவாடையின் மேலே பித்தளைக் குழாய்களையும், முகத்தில் நச்சுவாயுக் கவசத்தையும், முதுகில் கொதிகலனையும் சுமந்து நிற்கும் கற்பனை ஹைலண்டர். இவ்வகைக் கற்பனைக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். 1987இல் கே. டபிள்யூ. ஜீற்றர் என்ற அமெரிக்க எழுத்தாளர் வழங்கிய சொல் அது. விக்ரோறியா மகாராணியார் காலத்து நீராவி இயந்திரம், மின்சாரத்திற்கும் பெற்றோலுக்கும் வழிவிடாது தொடர்ந்து வளர்ந்திருப்பின் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதே அதன் கேள்வி.

மேசைப் போருக்கும் இக்கற்பனைக்கும் ஒரே தந்தை என்று சொன்னாலும் தவறில்லை. 'கால இயந்திரம்' எழுதிய எச். ஜி. வெல்ஸ்தான், 1913இல் 'சின்னஞ்சிறு போர்கள்' என்ற பொருள்படும் நூலில், ஈயச் சிப்பாய்களைக் கொண்டு விளையாடுவதற்கான விதிகளை வகுத்தார். அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது. அவர் பயன்படுத்திய வகையான உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை, வில்லியம் பிரிற்றன் நிறுவனம் 1893 முதல் வார்த்து வந்தது. இன்று ஈயம் நீக்கிய வெள்ளீயக் கலவையிலும், பிளாஸ்ரிக்கிலும், றெசின் எனும் செயற்கைப் பிசினிலும் அவை வருகின்றன. மெல்பேர்ணிலுள்ள யூறேக்கா மினியேச்சர்ஸ் நிறுவனம், விக்ரோறியா காலக் கற்பனைக்கென்றே 'பாக்ஸ் லிம்போபோ' என்ற ஒரு வரிசையை வார்க்கின்றது.

வேலைமுறை எமது பொற்கொல்லரின் பொறுமையை வேண்டுவது. முதலில், வாங்கிய பொம்மையின் தலையை மெல்லிய அரத்தாலோ வாளாலோ கழுத்தோடு அறுத்தெடுப்பர். வேறொரு தலையைப் பொருத்துவதற்குப் பசை மாத்திரம் போதாது. கழுத்திலும் தலையிலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டொன்றை ஆணியாகச் செருகியே ஒட்டுவர். காற்சட்டை அணிந்த பொம்மைக்குக் கில்ற் அணிவிப்பதாயின், நீலமும் மஞ்சளுமான இரு பசைக்களிகளைப் பிசைந்து, பச்சையானதும் தகடாக உருட்டி, இடுப்பைச் சுற்றிப் போர்த்தி, நனைத்த ஊசியால் மடிப்புகளை அழுத்தவேண்டும். மடிப்புகள் பின்புறத்தில்தான் வரும். முன்புறம் தட்டையாக இருக்கும். சேலையின் கொய்யகத்தை முன்னே பார்த்துப் பழகிய எமது பிள்ளைகள் இதனைத் தலைகீழாகச் செய்துவிடுவதுண்டு. களி இறுகுவதற்கு ஓர் இரவு வேண்டும். உடைந்த கைக்கடிகாரத்தின் பற்சக்கரம், கித்தார்த் தந்தி, தீர்ந்துபோன பேனையின் குழாய் ஆகியவை கொதிகலனும் குழாய்களும் ஆகிவிடும். பித்தளை பழையதாகத் தோன்றவேண்டுமாயின், கபில நிறத்தின்மேல் பொன்னிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, மூலைகளில் நீர்த்த பச்சையை விடுவர். வீட்டில் புளி போட்டு விளக்காத குத்துவிளக்கைக் கண்ட எவருக்கும் களிம்பின் நிறத்தைக் கற்பிக்கவேண்டியதில்லை.

கட்டத்துணிதான் கடினமானது. கறுப்புக் காவல் எனப்படும் 42ஆம் படையணியின் துணிக்கு முதலிற் கரும்பச்சை பூசி, நெடுக்கும் குறுக்குமாகக் கருநீலப் பட்டைகளை இழுத்து, அவற்றின்மேல் மயிரிழைபோன்ற கறுப்புக் கோடுகளை இடுவர். அத்துணியில் மஞ்சட் கோடு சேர்ந்தால் அது கோர்டன் படையணி. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் மக்கென்ஸியரின் 78ஆம் படையணி. இதற்கு மிகச் சிறிய தூரிகை தேவை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நடுத்தரத் தூரிகையாயினும் நுனி கூர்மையாயிருப்பதே முக்கியம். சிறு தூரிகையில் வர்ணம் துணியைத் தொடுமுன்னரே காய்ந்துவிடும். ஒரு தட்டில் நனைந்த பஞ்சுத்தாளையும் அதன்மேல் கேக் சுடும் தாளையும் விரித்து, அதில் வர்ணத்தை வைத்தால் மணிக்கணக்காக ஈரமாயிருக்கும். பழைய ஈயப் பொம்மைகளைக் கையாளும் சிறுவர் கைகழுவாது உணவருந்தக்கூடாது என்பதையும் பெற்றோர் கவனத்திற் கொள்ளவேண்டும்.

இத்தனை சிரமப்பட்டு உடையைச் சரியாக வரைபவர்கள், அவ்வுடையின் கதையையும் அறிந்திருப்பது நன்று. 1746இல், கலொடன் களத்தில் மலைநாட்டார் தோற்ற ஆண்டிலேயே, அவர்களது உடையைத் தடைசெய்யும் சட்டம் இலண்டனில் நிறைவேறிற்று. 1782இல் அது நீக்கப்படும்வரை, ஒரு மலைநாட்டான் தன் பாட்டனின் உடையைச் சட்டப்படி அணிவதற்கு இருந்த முதன்மையான வழி, தன்னை வென்ற அரசனின் படையிற் சேர்வதே. சொந்த மண்ணில் தடுக்கப்பட்டது, பிறர் மண்ணைப் பிடிக்கச் செல்கையில் அனுமதிக்கப்பட்டது. 1814இல் சதர்லாந்துப் பகுதியிலுள்ள ஸ்ராத்நேவரில், ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களின் வீடுகள் காலிசெய்யப்பட்டு எரிக்கப்பட்டன. அதே பகுதியிலிருந்து திரட்டப்பட்ட 93ஆம் படையணியின் வீரர், 1815 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் களத்தில் அரசனுக்காக மடிந்துகொண்டிருந்தனர். வீடிழத்தலின் பொருளை அறிந்த எம் வாசகருக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எம் மண்ணோடு இவர்களுக்குள்ள தொடர்பு, பலர் எண்ணுவதைவிட நெருக்கமானது. 1778இல் சீபோர்த் பிரபு திரட்டிய படையணியில் கேலிக் மொழி பேசும் மக்ரே குலத்தார் பெருந்தொகையினராய் இருந்தனர். தங்களைக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற வதந்தி பரவவே, அவர்கள் கப்பலேற மறுத்து, எடின்பரோ நகரின் ஆதர்ஸ் சீற் குன்றின்மீது நாட்கணக்காகக் கலகக்கொடி பிடித்து நின்றனர். சமாதானம் பேசி இறக்கப்பட்ட அவர்கள், 1781இல் இந்தியாவிற்கே அனுப்பப்பட்டனர். வழியில், சொறிகரப்பான் நோயால் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பிரபுவும் மாண்டார். எஞ்சியோர் சென்னையிற் கரையேறினர். பின்னர் 72ஆம் எண் பெற்ற அப்படையணிதான், 1795 ஓகஸ்ட் மாதம் கேணல் ஜேம்ஸ் ஸ்ருவர்ட்டின் தலைமையில் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது. அடுத்த மாதம் யாழ்ப்பாணக் கோட்டையும் ஸ்ருவர்ட்டிடம் சரணடைந்தது. விற்கப்படுவோம் என்று அஞ்சிக் குன்றேறியவர்கள், ஈற்றில் வந்து சேர்ந்தது எமது வாசலுக்கு.

ஹரிஸ் பார்க்கின் கதை அவர்களுக்கு அடுத்த எண்ணுடைய 73ஆம் படையணியைச் சார்ந்தது. (புள்ளலூரிற் போரிட்ட மக்லியொட்டின் 73ஆம் படையணி வேறு; அது 1786இல் 71 ஆயிற்று. படையணி எண்கள் இவ்வாறு மாறிக்கொண்டேயிருந்தமை மாணவரைக் குழப்புவதற்கென்றே செய்யப்பட்டது போலும்.) நாம் கூறும் 73, கறுப்புக் காவற் படையின் இரண்டாம் பிரிவாகத் தோன்றி, 1795 - 96 இலங்கைப் படையெடுப்பிலும் 1799இல் சிறீரங்கபட்டணத்திலும் போரிட்டது. 1809 டிசம்பர் இறுதியில் லக்லன் மக்குவாரியோடு அது சிட்னிக்கு வந்தது. ஆளுநர் பிளையைக் கவிழ்த்த பழைய படையணியின் இடத்தை எடுத்துக்கொண்டு, பரமற்றாவிலும் பணிபுரிந்தது. மக்குவாரியும் எம் பக்கத்தை அறிந்தவரே. கொச்சி, கொழும்பு, காலி, சிறீரங்கபட்டணம் ஆகிய களங்களை அவர் கண்டிருந்தார். 1795இல் கொச்சியில் விலைக்கு வாங்கப்பட்ட இரு சிறுவரில் ஒருவன், ஜோர்ஜ் ஜார்விஸ் என்ற பெயரில், அவரது பணியாளனாகச் சிட்னிவரை வந்தான். அவனுடைய இயற்பெயர் எந்தப் பொம்மைப் பெட்டியிலும் இல்லை.

1814இல் 46ஆம் படையணி வந்து சேரவே, 73 இங்கிருந்து நேரே இலங்கைக்குச் சென்றது. பிளையின் மகளை மணந்திருந்த அதன் தளபதி மொறிஸ் ஓ'கொனல், 1815இல் கண்டிமீதான படையெடுப்பிற் பங்குகொண்டார். அப்படையெடுப்பில் நாயக்க வம்சத்து இறுதி மன்னன் சிறீவிக்கிரமராஜசிங்கன் பிடிபட்டு, பின்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தான். 1817 - 18 ஊவாக் கிளர்ச்சியை நசுக்குவதிலும் இதே 73 ஈடுபட்டது. அதன் இடத்திற்கு இங்கு வந்த 46ஆம் படையணியோ, 1816 ஏப்ரலில் அப்பின் பகுதியில் இம்மண்ணின் ஆதிக்குடிகளைப் படுகொலை செய்தது. பரமற்றாவிலிருந்து கண்டிக்குச் சென்ற பாதை வேறு, கண்டியிலிருந்து எம்மவர் பரமற்றாவிற்கு வந்த பாதை வேறு. ஆயினும் இரண்டும் ஒரே கடல்மீதுதான்.

இங்கே பொம்மைக்காரர் பலரும் அறியாத செய்தியொன்று உண்டு. சிட்னிக்கு வந்தபோது 73 கில்ற் அணிந்திருக்கவில்லை. மலைநாட்டிற்கு வெளியே ஆட்சேர்ப்பதற்கு அவ்வுடை தடையாயிருப்பதாகக் கருதி, 1809 ஏப்ரலில் ஆறு படையணிகளிடமிருந்து அதனைப் பறித்துவிட்டனர். அவற்றுள் 73உம் ஒன்று. கட்டத்துணிப் பாவாடையோடு பரமற்றாவின் தெருவில் நிற்கும் 73ஆம் படைவீரன், முதுகிற் கொதிகலன் சுமந்தவனைப்போலவே முழுக் கற்பனை. உடை என்பது அற்பமன்று. 1806 ஜூலை 10ஆந் திகதி வேலூர்க் கோட்டையில் சென்னைப் படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், தோற்பட்டம் வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறியும் தாடியும் பற்றிய கட்டளைகளும் மூட்டிய தீயினாலேயாகும்.

இன்னொன்று. ஸ்டீம்பங்க் விளையாட்டில் ஹைலண்டரின் கையில் றொக்கற்றுக் குழாயைக் கொடுப்பது வழக்கம். மெய்யான றொக்கற்றோ எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. 1780 செப்டெம்பர் 10இல், காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள புள்ளலூரில், ஹைதர் அலியும் திப்புவும் கேணல் பெய்லியின் படையை இரும்புக்குழாய் றொக்கற்றுகளோடு சூழ்ந்து அழித்தனர். பெய்லி இன்வர்னஸ் பக்கத்து மலைநாட்டார். அன்று பிடிபட்ட டேவிட் பேயார்ட் 1784 வரை சிறீரங்கபட்டணத்துச் சிறையில் இருந்தார். 1799இல் அதே கோட்டைமீதான தாக்குதலை அவரே வழிநடத்தினார். பின்னர் கொங்கிறீவ் பிரித்தானியாவில் செய்த றொக்கற்றுகள், இந்த மைசூர் றொக்கற்றுகளைப் பார்த்து ஆக்கப்பட்டவை. திப்புவின் அரண்மனையிற் கிடைத்து, இப்போது இலண்டன் விக்ரோறியா அல்பேட் அரும்பொருளகத்தில் இருக்கும் மரப்புலி, கைப்பிடியைச் சுழற்றினால் உறுமும். அதன் கீழே கிடக்கும் வெள்ளையன் முனகுவான். இதைவிடச் சிறந்த ஸ்டீம்பங்க் இயந்திரத்தை எந்த நிறுவனம் வார்த்துவிடப் போகின்றது? பெய்லிக்கு உதவிக்குச் சென்று சேராத தளபதி ஹெக்ரர் மன்றோ, 1781இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். அவர் தம் ஊருக்குத் திரும்பியபின், பைறிஷ் என்னும் குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் மாதிரியைக் கல்லாற் கட்டுவித்தார். வேலையற்றிருந்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே அதனைக் கட்டினார் என்பது அவ்வூர் வழக்கு. எமது நாகப்பட்டினத்தின் வாசல் இன்றும் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் நிற்கின்றது.

இப்பொழுதுபோக்கை எம்மவர் வீடுகள் எல்லாம் விரும்புவதில்லை. ஹரிஸ் பார்க்கிலுள்ள ஒரு வீட்டில், பதினைந்து வயது மகனின் பொம்மைப் பெட்டி கூடத்திற்கு வரக்கூடாது என்பது தாயாரின் கட்டளை. 1995 இடப்பெயர்வின்போது சாவகச்சேரிவரை நடந்து வந்தவர் அவர். சீருடை அணிந்த எதுவும், அது ஓர் அங்குல உயரமாயினும், தன் கண்ணிற் படவேண்டாம் என்கிறார். அவரது மறுப்பிற்கு மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனினும், மகன் அதனைக் கைவிடவேண்டும் என்றும் நான் கூறவில்லை. அவனிடம் கேட்டதெல்லாம், மேசையின் மறுபக்கத்தில் நிற்பவர் யார் என்பதே. அதுவரை அங்கே நின்றவை கற்பனை அரக்கர்கள். இப்போது அவன் தலைப்பாகைத் தலைகளைக் களியில் உருட்டி, றொக்கற்றுக்காரர் பன்னிருவரைச் செய்துகொண்டிருக்கின்றான். தாயாரும் ஒருநாள் அறைவாசலில் நின்று, தலைப்பாகை இடப்பக்கமாகச் சுற்றப்பட்டிருப்பது பிழை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

73ஐச் சரியாகச் செய்ய விரும்புவோர்க்குச் செலவும் குறைவு. கில்ற் வேண்டியதில்லை, களியும் வேண்டியதில்லை. நெப்போலியன் காலத்துச் சாதாரண ஆங்கிலக் காலாட்படைப் பொம்மை போதும். புகைபோக்கிபோன்ற உயர்ந்த கறுப்புத் தொப்பி, செங்கல் நிறத்துக்கு நெருங்கிய சிவப்பு மேலங்கி. கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்பிற்கும் கரும்பச்சை. கடைப் புட்டியிலுள்ள பச்சையோடு ஒரு துளி கறுப்பைச் சேர்த்தால் வந்துவிடும். பரமற்றா நிலையத்திற்கு அண்மையில், 1820இல் கட்டிமுடிக்கப்பட்ட பழைய படைமுகாம் இன்றும் உண்டு. ஆனால் அது 73 இங்கிருந்து போனபின்னர் எழுந்த கட்டடம். ஆகவே, மேசைமீது அதனை அட்டையிற் செய்து வைப்பவர், அதன் வாசலில் 48ஆம் படையினரையே நிறுத்தவேண்டும்.