கனவுருப்புனைவுக் காதல் புதினம்

கனவுருப்புனைவுக் காதல் புதினம் என்பது, இயல்பு உலகில் நடக்க இயலாத ஒன்றை (மறுபிறப்பு, உருமாற்றம், சாபம், காலப் பயணம் போன்றவை) மையமாகக் கொண்டு ஒரு காதலின் வளர்ச்சியைச் சொல்லும் புனைகதை வகையாகும். ஃபேண்டஸி ரொமான்ஸ் என்றும் வழங்கப்படுகிறது. மாயத்தை நீக்கினாலும் காதல் அப்படியே நிற்குமானால் அது வெறும் காதல் கதை. காதலை நீக்கினாலும் கதை ஓடுமானால் அது வெறும் கனவுருப்புனைவு. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதே இவ்வகையின் அடையாளம்.

தமிழில் முன்னோடிகள்

இவ்வகையின் கூறுகள் மணிமேகலைக் காப்பியத்திலேயே காணப்படுகின்றன. சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விரும்புகிறான். மணிபல்லவத் தீவில் தன் முற்பிறப்பை உணரும் அவள், அப்பிறப்பில் தன் கணவனாக இருந்த இராகுலனே இப்போது உதயகுமரனாகப் பிறந்திருப்பதை அறிகிறாள். அவனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்னும் விஞ்சைப் பெண்ணின் உருவை மேற்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே எண்ணி, அவளைத் தேடிவந்த உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான்.

இருபதாம் நூற்றாண்டில் கல்கி எழுதிய சோலைமலை இளவரசி (1947) இவ்வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1942 போராட்டத்தில் ஈடுபட்டுத் தலைமறைவாகும் குமாரலிங்கம் ஒரு பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே, முற்பிறப்பில் தான் மாறனேந்தல் அரசர் உலகநாதத் தேவராக இருந்து, சோலைமலை இளவரசி மாணிக்கவல்லியைக் காதலித்ததாக அவனுக்குக் காட்சிகள் தோன்றுகின்றன. நிகழ்காலத்தில் அவனுக்குச் சோறு கொண்டுவருபவள் மணியக்காரர் மகள் பொன்னம்மாள். கல்கியின் மோகினித் தீவு குறுநாவலும் இவ்வகையைச் சேர்ந்தது.

எழுதும் முறை

மாயத்தின் விதிகள்: மாய ஆற்றலுக்கு எல்லையும் விலையும் தேவை. மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களையே தருகிறது: உரு மாறுதல், வான்வழிச் செல்லுதல், பசி பொறுத்தல். பிறர் மனத்தைத் திருத்தும் ஆற்றல் அவற்றில் இல்லை. அதனால்தான் உருமாற்றம் அவளைக் காக்கும் அதே வேளையில் ஓர் உயிரையும் பறிக்கிறது. எதையும் செய்யவல்ல மந்திரம் இருந்தால் காதலுக்குத் தடையே இராது. தடை இல்லையெனில் கதையும் இராது.

தடை: காதலர் சேர்வதைத் தடுப்பது மாயத்திலிருந்தே பிறந்தால் இரு இழைகளும் இறுகும். சோலைமலை இளவரசியில் பழைய காதலின் கதி வாசகருக்குத் தெரியத் தெரிய, நிகழ்காலக் காதலும் அப்படியே முடியுமோ என்ற அச்சம் வளர்கிறது. முற்பிறப்புக் கதை இங்கு வெறும் பின்கதை அல்ல, அதுவே அச்சுறுத்தல்.

விருப்பம்: முற்பிறப்புக் காதலை எழுதுவோர் எளிதில் சறுக்கும் இடம் இது. விதி சேர்த்துவைத்தது என்பதாலேயே இருவரும் காதலிப்பதாகக் காட்டினால், அவர்கள் தேர்வதற்கு எதுவுமில்லை. குறிப்பாகப் பெண் பாத்திரம் பழைய பெயருக்குக் கட்டுப்பட்ட நிழலாகிவிடும். மணிமேகலையோ உண்மையை அறிந்த பின்னும், தன் உள்ளத்தில் பழைய பற்று எஞ்சியிருந்தும், துறவு வழியையே தேர்கிறாள். பொன்னம்மாளும் முதலில் இந்தப் பிறப்பில் பசித்தவனுக்கு இரங்கும் பெண்ணாகவே கதையில் இடம்பெறுகிறாள். நினைவு திரும்புவது காதலாகிவிடாது. நினைவு வந்த பின் பாத்திரம் செய்யும் முடிவே காதலை நம்ப வைக்கிறது.

சொல்லும் குரல்: மோகினித் தீவில், இரண்டாம் உலகப் போரின்போது ரங்கூனிலிருந்து கப்பலில் தப்பி வருபவர் அத்தீவில் ஒரு தம்பதியைச் சந்திக்கிறார். சோழ இளவரசனுக்கும் பாண்டிய இளவரசிக்குமான காதல் கதையை அவர்கள் மாறி மாறி, ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டுச் சொல்கின்றனர். கதையை நடத்துவதோடு, அவர்களுக்கிடையிலான அன்பையும் அந்தக் குறுக்கீடுகளே காட்டுகின்றன.

களம்

மாயம் நம்பப்பட, அதைச் சுற்றியுள்ள இடம் உறுதியாக இருக்க வேண்டும். பல காலங்கள் அடுக்கடுக்காக உள்ள ஊர்கள் இதற்கு ஏற்றவை. தென்சென்னைப் புறநகர் அத்தகைய பகுதி. பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அங்குள்ள முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரையில் அவனுடைய பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதுவே பின்னாளில் இசுலாமிய வழிபாட்டிடமாயிற்று. குன்றின் அடிவாரம் வழியே, 1931-இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. தாம்பரத்தில் 1937-இல் குடியேறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புதர்க்காட்டு வளாகம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆகியவையும் அருகிலேயே உள்ளன. இவ்வாறான களத்தில் வண்டி நேரம், பருவமழைத் தேக்கம், பாறையின் சூடு ஆகியவை சரியாக அமைந்தால், குடைவரைத் தூணருகே நிற்கும் பல்லவச் சிற்பியையும் வாசகர் ஏற்றுக்கொள்வர்.

தொடராக எழுதுதல்

தொடர் நூல்கள் பொதுவாக இருவகைப்படும். ஒரே இணையைப் பல நூல்களில் பின்தொடர்வது ஒன்று. 1991-இல் தொடங்கிய அவுட்லாண்டர், 2005 முதல் 2008 வரை நான்கு நூல்களாக வந்த ட்வைலைட் ஆகியவை இத்தகையன. ஒரே உலகில் நூலுக்கு ஓர் இணையை எடுத்துக்கொள்வது மற்றொன்று. முதல் வகையில், இணை சேர்ந்த பின்பும் காதல் வளர இடம் வேண்டும். புதிய பகைவர் மட்டும் போதாது. இரண்டாம் வகையில், உலகின் விதிகள் நூலுக்கு நூல் மாறாமல் காக்கப்பட வேண்டும். பெயர்கள், வயது, சாபத்தின் காலக்கெடு, மாயத்தின் எல்லை ஆகியவற்றைத் தனியே குறித்துவைப்பது இதற்கு உதவும்.

தமிழ் வார இதழ்த் தொடர்கதைகளில் ஒவ்வோர் இயலும் ஒரு கேள்வியோடு முடிவது வழக்கம். அக்கேள்வி, "ஆபத்திலிருந்து தப்புவானா?" என்பதோடு நில்லாமல், "தப்பினால் அவளிடம் உண்மையைச் சொல்வானா?" என்பதாகவும் இருக்கும்போது இரண்டு இழைகளும் அடுத்த வாரத்துக்கு நகர்கின்றன.

முடிவு

மேலைப் பதிப்புத்துறையில் காதல் புதினம் மனநிறைவான, நம்பிக்கை தரும் முடிவைக் கொண்டிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தமிழ் மரபு அதற்குக் கட்டுப்பட்டதன்று. உதயகுமரன் மாள்கிறான்; சோலைமலை இளவரசியும் துயரத்திலேயே முடிகிறது. முடிவு எதுவாயினும், அது தொடக்கத்தில் வகுத்த விதியிலிருந்தும் பாத்திரங்களின் தேர்விலிருந்தும் வர வேண்டும். கடைசி இயலில் புதிதாக ஒரு மந்திரம் தோன்றிக் காதலரைக் காப்பாற்றினால், அதுவரை அவர்கள் பட்ட பாடு பொருளற்றுப் போகும்.