சவுண்ட் கார்டு வாங்கலாமா?

எங்கள் பூதிகோட்டையில் மாலை வகுப்பு நடக்கிறது. அங்கே ஒரு பழைய கணினி இருக்கிறது. ஒருவர் இனாமாகக் கொடுத்தது. அதில் ஒரு தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்ய நினைத்தோம்.

அந்தத் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம். பூமிக்குள்ளே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்களை மூடிவிட்டார்கள். உள்ளே இறங்கி வேலை செய்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்தத் தாத்தாவுக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் பேசினால் அதிகம்.

முதல் நாள் பேசினார். கணினியில் மைக்கைச் செருகிப் பதிவு செய்தோம். பிறகு போட்டுக் கேட்டோம். 'உர்ர்...' என்று ஒரே இரைச்சல். தாத்தாவின் பேச்சு பாதி புரியவில்லை. எங்களுக்கு அழுகை வராத குறை.

கணினிக் கடையில் கேட்டோம். "தனியா ஒரு சவுண்ட் கார்டு போடுங்க. 2,500 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். சங்கத்துப் பணம் இருந்தது. வாரா வாரம் பெண்கள் போட்ட பணம். கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சங்கத்துத் தலைவி அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அதைப் போட்டா இரைச்சல் போயிடும்னு எழுதிக் கொடுப்பாரா?"

அந்தக் கேள்வியால்தான் சவுண்ட் கார்டு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தோம்.

நாம் பேசினால் காற்று அதிர்கிறது. மைக் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. ஆனால் கணினிக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். மின்சாரத்தை அளந்து எண்ணாக எழுத ஓர் ஆள் வேண்டும். அதுதான் சவுண்ட் கார்டு.

நம் ஊர் பால் டெய்ரியை நினைத்துப் பாருங்கள். காலையில் பால் கொண்டு போகிறோம். அங்கே அளக்கிறார்கள். எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று எண் எழுதுகிறார்கள். சவுண்ட் கார்டும் அப்படித்தான் அளக்கிறது. ஆனால் வேகம் அதிகம். சி.டி. தரத்தில் பதிவு செய்தால் ஒரு நொடிக்கு 44,100 தடவை அளக்கும்! பாட்டுக் கேட்கும்போது இதே வேலையைத் தலைகீழாகச் செய்யும். எண்ணை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

இந்த வேலைக்குத் தனி கார்டு கட்டாயம் வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மேசைக் கணினிகள் பலவற்றில் 'பீப்' என்ற சத்தம்தான் வரும். பாட்டு வராது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற கார்டை வெளியிட்டது. உலகம் முழுவதும் விற்றது. 1997-இல் இன்டெல் கம்பெனி ஒலிக்கான ஒரு பொது முறையை வகுத்தது. பிறகு அளக்கும் வேலையைச் செய்யும் சிப்பை மதர்போர்டிலேயே வைக்க ஆரம்பித்தார்கள். அதனால் இன்றைய கணினியில் சவுண்ட் கார்டின் வேலை உள்ளேயே நடக்கிறது. பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு. நம்மிடம் ஏற்கனவே இருக்கும் பொருளை இன்னொரு தடவை வாங்கத்தான் கிளம்பினோம். கடைக்காரர் சொன்னது முப்பது வருடத்துக்கு முன்னால் சரியான யோசனை.

சரி, இரைச்சல் எங்கிருந்து வந்தது? பாலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று வையுங்கள். டெய்ரியில் எவ்வளவு நல்ல மிஷின் வைத்தாலும் தண்ணீர் பிரிந்து போகுமா? போகாது. மைக்குக்குள் போன இரைச்சலும் அப்படித்தான். விலை கூடிய கார்டு அந்த இரைச்சலையும் சுத்தமாக அளந்து எழுதி வைக்கும்!

அதனால் தண்ணீர் எங்கே கலக்கிறது என்று தேடினோம். செலவு ஒரு பைசா இல்லை.

யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்தோம். ஹெட்போன் வைத்துக் கேட்டோம். அதே 'உர்ர்'. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி பதிவு செய்தோம். பாதி இரைச்சல் போய்விட்டது. மைக் கணினிப் பெட்டியின் பக்கத்திலேயே இருந்தது. பெட்டிக்குள்ளும் ஒரு விசிறி ஓடுகிறதே! மைக்கை எதிர்ச் சுவர் ஓரம் கொண்டுபோனோம். இன்னும் குறைந்தது. முதல் நாள் தாத்தாவுக்கும் மைக்குக்கும் இடையில் மூன்றடி தூரம். குரல் மெதுவாக விழுந்ததால் கணினியில் மைக்கின் அளவை முழுசாகக் கூட்டி வைத்திருந்தோம். குரலோடு இரைச்சலும் கூடிவிட்டது. மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் அளவைக் கூட்டவே வேண்டாம்.

கடைசியாக மைக்கைத் துணியில் சுற்றினோம். டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். அப்படியும் லேசாக 'ஸ்ஸ்' என்று கேட்டது. வெளிச் சத்தம் உள்ளே போக வழியில்லை. அப்படியானால் இது கணினியும் கம்பியும் சேர்ந்து உண்டாக்கும் சத்தம். பெட்டிக்குள் மின்சாரம் பல பக்கம் ஓடுகிறது. மைக்கிலிருந்து வரும் மின்சாரமோ மிக மெல்லியது. அதில் மற்றது கசிந்து கலந்துவிடுகிறது.

இந்தச் சத்தம் ஒன்றைத்தான் தனி சவுண்ட் கார்டு குறைக்க முடியும். அதிலும் பெட்டிக்கு உள்ளே மாட்டும் கார்டைவிட, வெளியே யு.எஸ்.பி. துளையில் செருகும் கார்டு நல்லது. அது பெட்டிக்கு வெளியிலேயே அளந்துவிடும். எண்கள்தான் உள்ளே போகும். எண்ணில் இரைச்சல் கலக்காது. சாதாரணமான யு.எஸ்.பி. கார்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. விரல் அளவுதான் இருக்கும். ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தோம். ஹெட்போனில் வித்தியாசம் தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

கைப்பேசியிலும் சோதித்தோம். தாத்தாவின் சட்டைப் பை அருகே வைத்துப் பதிவு செய்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் முதல் பதிவைவிட அது பல மடங்கு தெளிவு.

யாருக்குமே கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணினியின் மைக் துளை கெட்டுப்போனால் சின்ன யு.எஸ்.பி. கார்டு போதும். மேடையில் பாடுகிறவர்கள் வைக்கும் மூன்று முள் மைக் இருந்தால், அதற்கென்று இருக்கும் பெரிய பெட்டி வேண்டும். இரண்டு மூன்று பேரைத் தனித்தனி மைக்கில் பதிவு செய்யவும் அது வேண்டும். பாட்டுக் கேட்க, பிள்ளைகள் பாடம் கேட்க, எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் உஷார். பழைய கார்டுகள் பல, புதிய மதர்போர்டில் உட்காரவே உட்காராது.

ஒலிப்பதிவு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2000-த்துக்குப் பிறகு இங்கே 'நம்ம த்வனி' என்ற ஊர் வானொலி தொடங்கியது. கன்னடத்தில் 'நம் குரல்' என்று அர்த்தம். மைராடா, வாய்சஸ் என்ற அமைப்புகளும் யுனெஸ்கோவும் துணை நின்றன. அப்போது ஊர் மக்கள் வானொலி நடத்த அரசு அனுமதி கிடையாது. தொண்டு நிறுவனங்களுக்கு அந்த அனுமதி 2006-இல்தான் வந்தது. அதற்காக நம் ஊரார் காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கி வைத்துக் கேட்க வைத்தார்கள். பிறகு கேபிள் டி.வி. கம்பி வழியாக வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். சுய உதவிக் குழுப் பெண்களே நிகழ்ச்சி தயாரித்தார்கள். இருந்த கம்பியை வைத்தே வேலையை முடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சங்கத்தில் மறுபடி கூடிப் பேசினோம். 2,500 ரூபாயைத் தொடவில்லை. ஒரு ஹெட்போன் மட்டும் வாங்கினோம். பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்க்க அது வேண்டும். முதல் நாளே அது இருந்திருந்தால் தாத்தாவின் பத்து நிமிடம் வீணாகியிருக்காது.

அடுத்த வியாழக்கிழமை தாத்தா வந்தார். மைக் ஒரு சாண் தூரத்தில். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. மின்விசிறியையும் நிறுத்தினேன். நல்ல வெயில் காலம். "புழுக்கமா இருக்கும் தாத்தா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன்.

தாத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.

"அடியில பாறையே அனலாக் கொதிக்கும் பாப்பா. அங்க இல்லாத புழுக்கமா இங்க?" என்று பேச ஆரம்பித்தார்.