துணியின் ஜாதகம்

அபிஷேகப்பாக்கத்திலிருந்து தீபாவளிக்கு ஜவுளி எடுக்கப் புதுச்சேரிக்குப் போகிறோம். விலையைக் கேட்கிறோம், சாயம் போகுமா என்று கேட்கிறோம். நெய்தவருக்குக் கிடைத்த கூலி என்னவென்று கேட்கிறோமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியின் அவுரி நீலத் துணி கப்பலேறிச் செனகல் தேசம் சென்றது. அங்கே வாங்குவோர் அதைத் தொட்டும் முகர்ந்துமே அசலா, போலியா என்று கண்டுகொண்டனராம். ஆனால், எவ்வளவு தேர்ந்த மூக்குக்கும் நெசவாளியின் பசி தெரியாதல்லவா?

எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளரில் பன்னிருவர் 1936 ஜூலை 30-ஆம் தேதி பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு இரையாயினர். அந்த ரத்தக் கறை எந்தத் துணியிலும் தெரியவில்லை. 2013-இல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே எந்தக் கம்பெனிகளுக்குத் தைத்தார்கள் என்பதை, இடிபாடுகளில் கிடந்த சட்டைச் சீட்டுகளைத் தேடியெடுத்தே அறிய வேண்டியிருந்தது.

இத்தகைய மறைவை நீக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தது. அதன்படி துணிகளுக்கும் மின்னணுப் பாஸ்போர்ட் வரவிருக்கிறது. துணியிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியில் பார்த்தால் அதன் ஜாதகம் தெரியும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், எழுதாத ஜாதகத்தை எந்தக் கைப்பேசியும் படிக்காது. ஆகையால், சாயத்தை விசாரிக்கும் நாம் கூலியையும் விசாரிப்போம். வாங்குவோர் விடாமல் கேட்டால், விற்போர் எழுதித்தானே தீர வேண்டும்?